நாகர்கோவிலிலிருந்து நாகர்கோவிலுக்கு

முதல் நாள், புதன்

கப்பல் ஏறும் முன் வயிற்றை லேசாக வைத்துக்கொள் என்று நாகப்பட்டினத்தில் எல்லோரும் சொன்னார்கள். நான் நாலு இட்லி சாப்பிட்டேன். நடுக்கடலில் அலை கொஞ்சம் புரண்டு படுத்ததும் நாலும் திரும்பி வந்தன. பக்கத்து இருக்கையில் வல்வெட்டித்துறைப் பாட்டி ஒருவர் இருந்தார். பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டி, "இந்தத் தேசிக்காயை மணந்துகொண்டு இருங்கோ தம்பி" என்றார். காங்கேசன்துறை வெளிச்சவீடு தெரியும் வரை அதை மூக்கிலிருந்து எடுக்கவில்லை.

இந்தப் பயணம் ஏன் என்று சொல்லிவிடுகிறேன். நான் கன்னியாகுமரி மாவட்டம் நாகர்கோவிலில் பள்ளி ஆசிரியன், பாடம் வரலாறு. தமிழ்நாட்டில் பல ஊர்களில் வெள்ளைப் பளிங்குக் கல் ஒன்று பதித்திருப்பார்கள். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914–1919 பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் இருக்கும். முதல் உலகப் போர் நடத்தும்போது அந்தக் கல்லின் படத்தை வகுப்பில் காட்டுவது வழக்கம். போன வருடம் ஒரு பையன் எழுந்து, "எண்ணிக்கை மட்டும்தானா? பேரு இல்லியா சார்?" என்றான். இல்லைதான். இத்தனை வருடமாக எனக்கு அது தோன்றியதே இல்லை.

அப்புறம் ஒருநாள் எங்கள் ஊர்ப் பெயரை இணையத்தில் தேடிக்கொண்டிருந்தபோது இன்னொரு நாகர்கோவில் வந்து நின்றது. யாழ்ப்பாணம், வடமராட்சி கிழக்கு. நாகர்கோவில் மகா வித்தியாலயம். 1995 செப்டம்பர் 22, வெள்ளிக்கிழமை, விமானக் குண்டுவீச்சு. அந்தப் பள்ளியின் மாணவர்கள் 21 பேரை ஆண்டுதோறும் நினைவுகூர்கிறார்கள். அந்த வெள்ளிக்கிழமை நான் எங்கள் நாகர்கோவிலில் ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்திருந்திருப்பேன். போய்ப் பார்க்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். போகிற வழியில் மற்றப் பள்ளிக்கூடங்களையும் பார்ப்பது என்று திட்டம்.

துறைமுக வாசலில் ஆட்டோக்காரர் எந்த ஊர் என்று கேட்டார். நாகர்கோவில் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "எங்கடை நாகர்கோவிலோ? அங்கை உங்களைக் கண்டதில்லையே!" விளக்கம் சொல்லி முடிக்க நடேஸ்வராக் கல்லூரி வந்துவிட்டது. 1990 ஜூனில் போரால் இந்தப் பக்கத்துச் சனம் முழுக்க வெளியேற, பள்ளியும் வெளியேறியது. படையின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்த கட்டடத்துக்குப் பிள்ளைகள் திரும்ப 25 வருடத்துக்கு மேல் ஆனது. அடுத்தது தெல்லிப்பழை: பாவலர் துரையப்பாபிள்ளை 1910இல் தொடங்கிய மகாஜனா, 1816இல் அமெரிக்க மிஷன் தொடங்கிய யூனியன். இரண்டும் அதே 1990இல் ஊரைவிட்டுப் போய்த் திரும்பியவை. தெருவெல்லாம் புது மதில்களும், மதில் இருக்கும் இடங்களில் பாதிக்கு வீடு இல்லாததும் கண்ணில் பட்டுக்கொண்டே வந்தன.

இங்கே கல்லூரி என்றால் பள்ளிக்கூடம். அதிபர் என்றால் தலைமையாசிரியர். "அதிபர் இண்டைக்குக் கொழும்புக்குப் போட்டார்" என்று ஆட்டோக்காரர் சொன்னபோது, ஜனாதிபதி எப்போது யாழ்ப்பாணம் வந்தார் என்று யோசித்தேன்.

தங்கல் கொக்குவிலில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டில். நண்பரின் நண்பர். தெருவுக்கே அவர் 'மாஸ்டர்'. நான் சார் என்று கூப்பிட, அவர் "சேர் எண்டு சொல்லும், இல்லாட்டி ஆரையோ கூப்பிடுற மாதிரிக் கிடக்கு" என்று சிரித்தார். இரவு புட்டும் மீன் குழம்பும். இந்த முறை அளவோடு.

இரண்டாம் நாள், வியாழன்

நான் வந்த நேரம் யாழ்ப்பாண நகரத்தில் போர். கொடி கட்டிய லான்ட்மாஸ்டரில், அதாவது கை உழவு இயந்திரம் இழுக்கும் வண்டியில், பையன்கள் தொங்கிக்கொண்டு போகிறார்கள், பாண்ட் வாத்தியம் காதைப் பிளக்கிறது. யாழ் மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் 1904 முதல் நடக்கிற கிரிக்கெட் ஆட்டம் இது. பெயர் 'வடக்கின் பெருஞ்சமர்'. சென் பற்றிக்ஸும் யாழ்ப்பாணக் கல்லூரியும் ஆடுவதற்கு 'பொன் அணிகளின் போர்' என்று பெயர். நிஜப் போர் நடந்த ஆண்டுகளில் சிலவற்றில் இந்தப் போர் நடக்கவில்லை. இந்த ஊர்ப் பள்ளி மதில்களில் 'சமர்' என்ற சொல்லைத் தைரியமாக எழுதக்கூடிய ஒரே இடம் இந்தச் சுவரொட்டிதான் என்று அப்போது தோன்றியது. இரண்டு நாள் கழித்தும் அதை மாற்றிக்கொள்ளக் காரணம் கிடைக்கவில்லை.

மத்திய கல்லூரி மைதானத்துக்கு அந்தப் பக்கம் கோட்டை, இந்தப் பக்கம் பொது நூலகம். கோட்டையில் இலங்கைப் படை இருந்த காலமெல்லாம் இந்த வகுப்பறைகள் ஷெல் எல்லைக்குள் இருந்தன. மரநிழலில் எனக்குப் பக்கத்தில் பழைய மாணவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அறுபது தாண்டியவர், லண்டனிலிருந்து ஆட்டம் பார்க்கவே வந்தவர். எந்தப் பள்ளி என்று சொல்லாமல் விடுகிறேன். தேநீர் இடைவேளையில் கைப்பேசியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டினார், 1980களின் தொடக்கத்துக் கிரிக்கெட் அணி. விரலை ஒவ்வொரு முகமாக வைத்துக்கொண்டு போனார். இயக்கம் என்றால் இங்கே ஆயுதப் போராட்டக் குழு. "இவன் கனடா. இவன் டொக்டர், கொழும்பு. இவன் இயக்கத்துக்குப் போனவன், ஆமியோடை செத்தவன். இவனும் இயக்கம்தான், ஆனால் வேறை இயக்கம். அவனைச் சுட்டது இவன்ரை இயக்கம்." விரல் ஒரு முகத்தில் நின்றது. "இவனை ஆர் கொண்டு போனதெண்டு இண்டைக்கும் தெரியாது."

பதினொரு பேர் இருக்கிற படம், இரண்டு வரிசை, நடுவில் கேடயம். நான் என் பளிங்குக்கல் கதையைச் சொன்னேன். இவர்கள் பெயரைப் பள்ளியில் எங்காவது பதித்திருக்கிறீர்களா என்று கேட்டேன்.

"பேரை எழுதலாம் தம்பி. மேலை தலைப்பு என்ன போடுறது?"

அதற்குள் ஒரு விக்கெட் விழுந்தது. அவர் எழுந்து கத்தப் போய்விட்டார்.

எனக்கு அந்தக் கேள்விக்கு மேல் ஆட்டம் ஓடவில்லை. நாங்கள் படங்களில் பார்க்கிற ஆங்கிலப் பள்ளிகளின் போர் நினைவுப் பலகைகளில் தலைப்பு தயாராக இருக்கும்: அரசனுக்காக, நாட்டுக்காக. பெயர் அதற்குக் கீழே அகரவரிசையில் போய் அடங்கும். இங்கே ஒரே அணியின் மூன்று பேருக்கு ஒரே வரியைப் போட முடியாது. போட்டால் ஒரு வீட்டுக்காரர் வந்து கேட்பார், இல்லாவிட்டால் படை கேட்கும்.

சுண்டுக்குளிப் பக்கம் நடந்தேன். சென் ஜோன்ஸ் 1823இல் தொடங்கியது. அதன் அதிபர் சி. ஈ. ஆனந்தராஜா 1985 ஜூன் 26 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர்கள் புலிகள் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படுவது. படையினரோடு பள்ளி அணி ஒரு கிரிக்கெட் ஆட்டம் ஆட ஏற்பாடு செய்ததே காரணம் என்பார்கள். காலையிலிருந்து கிரிக்கெட்டுக்குப் 'போர்' என்று பெயர் வைத்ததை வேடிக்கையாகப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு இந்த இடத்தில் சிரிப்பு வரவில்லை.

மாலையில் நூலகம். 1981 மே 31 நள்ளிரவைத் தாண்டி எரிந்தபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. அந்தத் தீயைச் சென் பற்றிக்ஸ் கல்லூரி மாடியிலிருந்து பார்த்தவர் தாவீது அடிகள், பன்மொழி அறிஞர். பார்த்த அதிர்ச்சியில் அவர் உயிர் போனது. அந்த மாடியைத் தெருவில் நின்று தேடினேன். எது என்று கேட்க இரண்டு பேரை நிறுத்தினேன், இருவரும் இரண்டு திசை காட்டினார்கள். சரி என்று இரண்டையும் பார்த்துவிட்டு பஸ் பிடித்தேன்.

மூன்றாம் நாள், வெள்ளி

காலையில் மாஸ்டர் தன் புத்தக அலுமாரியிலிருந்து ஒரு கட்டு எடுத்து மேசையில் போட்டார். ஒரு பள்ளியின் பரிசுத் தின அறிக்கைகள், பத்துப் பதினைந்து வருடத்தவை. "நேற்று அந்த மனுசன் தலைப்பைப் பற்றிக் கேட்டார் எண்டு சொன்னீர். இதைப் பாரும்."

பரிசு பெற்றவர்களின் பட்டியலுக்குப் பின்னால் சின்ன எழுத்தில் பரிசில் நிதியங்களின் பட்டியல். ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் 'ஞாபகார்த்தப் பரிசு'. யாழ்ப்பாணத்தில் இந்தச் சொல் எங்கும் கிடைக்கிறது. ஞாபகார்த்த மண்டபம், ஞாபகார்த்தக் கிண்ணம், ஞாபகார்த்தத் துடுப்பாட்டப் போட்டி. பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, அதைக் கொடுப்பவர் தாயா தமையனா, எந்த நாட்டிலிருந்து. அவ்வளவுதான். எட்டாம் வகுப்புக் கணிதத்துக்கு ஒன்று. தமிழ்ப் பேச்சுக்கு ஒன்று. நூறு மீற்றர் ஓட்டத்துக்கு ஒன்று. நான் பெயர்களைப் படித்துக்கொண்டு போக, மாஸ்டர் "பேரைப் பாக்காதையும், வயசைப் பாரும்" என்றார்.

ஆண்டுகளைக் கழித்துப் பார்த்தேன். 71, 80, 68 என்று சில. நடுநடுவே 19. 22. 17. 24. இறந்த ஆண்டு 1987, 1990, 1995, 2000, 2009. எப்படி இறந்தார் என்று ஒரு இடத்திலும் இல்லை. காரணம் எழுதாததால் எல்லோரும் ஒரே பக்கத்தில் இருக்கிறார்கள்: மாரடைப்பில் போன தலைமை எழுதுவினைஞர், ஷெல்லில் போன பிள்ளை, இயக்கத்தில் போன பிள்ளை, இயக்கத்தால் போன பிள்ளை. வருடத்துக்கு ஒருமுறை ஒலிவாங்கியில் அந்தப் பெயர் சொல்லப்படுகிறது. பத்து வயதுப் பொடியன் ஒருவன் மேடையேறி ஒரு அகராதியை வாங்கிக்கொண்டு இறங்குகிறான். என் பளிங்குக்கல்லை விட இது நூறு மடங்கு மேலான ஏற்பாடு என்று சொன்னேன். "ஓம், ஆனால் வெளிநாட்டிலை காசுள்ள சொந்தம் இருக்கிற ஆக்களுக்கு" என்றார் மாஸ்டர். அதுவும் சரிதான்.

அவருடைய தாத்தா மலாயாவில் ரயில்வேயில் இருந்து பென்சனோடு திரும்பியவர். முதல் உலகப் போர்க் காலத்தில் மலாயாவிலிருந்த யாழ்ப்பாணத்தவர்கள் காசு சேர்த்து பிரித்தானியருக்கு ஒரு போர் விமானம் வாங்கிக் கொடுத்தார்களாம். அதன் பெயர் 'யாழ்ப்பாணம்'. தாத்தா அதைப் பெருமையாகச் சொல்வார் என்று மாஸ்டர் சொன்னார். தான் பேரப்பிள்ளைகளுக்கு இன்னும் சொல்லவில்லை என்றும் சொன்னார்.

பகலில் வண்ணார்பண்ணை, யாழ் இந்துக் கல்லூரி வாசல். உள்ளே பரீட்சை நேரம், நான் போகவில்லை. இந்தப் பள்ளியின் பழைய மாணவர்கள் இருவரை வெளியே தெருவில் தேடிப்போனேன். ஒருவர் பொன். சிவகுமாரன், ஆயுதப் போராட்டத்தின் தொடக்க கால இளைஞர், 1974 ஜூன் 5 அன்று பொலிஸ் கையில் அகப்படாமல் சயனைட் குடித்து இறந்தவர். உரும்பிராயில் சிலையாக நிற்கிறார். அந்தச் சிலை உடைக்கப்பட்டு, திரும்ப வைக்கப்பட்டு, திரும்ப உடைக்கப்பட்ட வரலாறு கொண்டது. மற்றவர் திலீபன் என்ற இராசையா பார்த்திபன். யாழ் பல்கலைக்கழக மருத்துவ மாணவர், பிறகு புலிகள் இயக்கத்தவர். நல்லூரில் 1987 செப்டம்பர் 15 அன்று ஐந்து கோரிக்கைகளோடு உண்ணாவிரதம் உட்கார்ந்தவர், தண்ணீரும் தொடாமல் 26ஆம் தேதி இறந்தார். கோரிக்கைகள் என் நாட்டு அரசை நோக்கியவை. இருவருக்கும் இறக்கும்போது வயது 23. காலையில் படித்த பட்டியலில் சேரக்கூடிய வயதுதான்.

நல்லூரில் திலீபன் நினைவிடத்துக்கு முன்னால் வெயிலில் நின்றபோது ஒரு பெண் சைக்கிளை நிறுத்தி, "இந்தியாவிலையிருந்தோ?" என்று கேட்டார். எப்படித் தெரிந்தது என்றேன். "செருப்பைக் கழட்டிப்போட்டு நிக்கிறியள்." அது பாராட்டா குத்தலா என்று புரியவில்லை.

திலீபன் இறந்த நாலாம் வாரத்தில் தீபாவளி வந்தது அந்த வருடம். 1987 அக்டோபர் 21, யாழ் போதனா மருத்துவமனைக்குள் இந்திய அமைதிப்படை சுட்டது. நோயாளிகளோடு மருத்துவர்களும் தாதியரும் ஊழியர்களும் கொல்லப்பட்டார்கள். அதற்கு ஒன்பது நாள் முன்பு, பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகொப்டரிலிருந்து இறங்கிய சீக்கியக் காலாட்படையினர் 30 பேரில் ஒருவர் தவிர மற்றவர்கள் செத்தார்கள். இரண்டும் எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லை. நான் வகுப்பில் நடத்தியதும் இல்லை. மாஸ்டர் வீட்டு அன்ரி தேத்தண்ணி வைத்துவிட்டு, "நீங்கள் என்ன செய்வியள், அப்ப நீங்களும் சின்னப் பிள்ளைதானே" என்றார். எனக்கு அது ஆறுதலாகவே இல்லை.

மாலை பல்கலைக்கழகம். 2009 இறுதிப் போரில் இறந்தவர்களுக்கான முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபியை 2021 ஜனவரி 8 இரவு இடித்தார்கள். மாணவர்கள் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் திரும்ப அடிக்கல் வைக்கப்பட்டு, அதே ஆண்டு ஏப்ரலில் புதிதாக எழும்பியது. நான் பார்த்தது இரண்டாவது தூபி. இந்த மாவட்டத்தில் எதைப் பார்த்தாலும் இது எத்தனையாவது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

நான்காம் நாள், சனி

மாஸ்டரின் மருமகன், அதாவது தங்கை மகன், மோட்டார் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போக ஒத்துக்கொண்டான். காலை ஆறரைக்குக் கிளம்பினோம். கோப்பாயைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்து, ஒன்றும் சொல்லாமல் தாடையால் காட்டினான். புலிகள் தங்கள் போராளிகளை அடக்கம் செய்த மாவீரர் துயிலும் இல்லம் இருந்த இடம். வரிசை வரிசையாகக் கல்லறைகள், எத்தனையோ பள்ளிகளின் பழைய மாணவர்கள். கல்லறைகள் உடைக்கப்பட்டு, 2011இல் அதே நிலத்தில் படையின் 51ஆவது பிரிவுத் தலைமையகம் திறக்கப்பட்டது. மாவீரர் நாளான நவம்பர் 27இல் சனம் எதிர்ப்பக்கம் நின்று விளக்கேற்றுகிறது.

வல்லைவெளியில் காற்று ஆளைத் தள்ளியது. நெல்லியடியில் மத்திய கல்லூரியைக் காட்டினான். 1987இல் படை அதில் முகாமிட்டிருந்தது. ஜூலை 5 அன்று புலிகளின் முதல் கரும்புலி, அதாவது தற்கொலைத் தாக்குதல் போராளி, மில்லர் வெடிமருந்து ஏற்றிய லொறியோடு உள்ளே போனார். வகுப்பறையே களமாகிப்போன பள்ளி. பருத்தித்துறையில் ஹாட்லி கல்லூரி, 1838இல் தொடங்கியது. அதன் நூலகம் 1984இல் எரிக்கப்பட்டது. நூலகங்கள் எரிந்த கணக்கை இந்த ஊரில் பன்மையில்தான் சொல்ல வேண்டும். அங்கே தட்டை வடை வாங்கி ஆளுக்கு நாலு தின்றோம். பருத்தித்துறை வடை என்று இதைக் கொண்டாடுவது நியாயம்தான். கடித்தால் தெருவுக்கே கேட்கிறது.

வல்லிபுர ஆழ்வாரைக் கும்பிட்டுவிட்டு, குடத்தனையும் தாண்டிய பிறகு நிலம் மாறிவிட்டது. செம்மண் போய் வெண்மணல். சவுக்கும் பனையும். தலை போன பனைகள் இன்னும் ஆங்காங்கே நிற்கின்றன. 2000 முதல் 2009 தொடக்கம் வரை முன்னரங்கு நாகர்கோவிலிலிருந்து முகமாலை வழியாகக் கிளாலி வரை ஓடியது. எங்கள் ஊர்ப் பெயர் எட்டு வருடம் போர்ச் செய்தியில் அடிபட்டிருக்கிறது, நாங்கள் கவனிக்கவில்லை. பெயர்ப் பலகையைப் பார்த்ததும் படம் எடுக்கலாம் என்று இறங்கினேன். "அண்ணை, பின் ரயர் காத்துப் போட்டுது" என்றான் மருமகன்.

அரைக் கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போனதில் ஒரு தகரக் கொட்டில் கிடைத்தது. சைக்கிள், மோட்டார் சைக்கிள் திருத்துமிடம், பின்னால் வீடு. கடைக்காரருக்கு முப்பதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். சக்கரத்தைக் கழற்றி, ரியூப்பை உருவி, காற்றடித்து, வெட்டிய பிளாஸ்டிக் கேன் தண்ணீரில் அமுக்கினார். குமிழி வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். எங்கிருந்து வருகிறீர்கள் என்றார். நாகர்கோவில் என்றேன். தலை நிமிரவில்லை. "நாகராஜா கோவில் இருக்கிற நாகர்கோவில். இஞ்சை நாகதம்பிரான். எங்கடையிலை கப்பல் திருவிழா. உங்கடையிலை?" அவருக்கு எங்கள் ஊரைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

வந்த விஷயத்தைச் சொன்னேன். பள்ளிக்கூடம் இன்று பூட்டு, ஆளிடம் சாவி இருக்கும், கூப்பிடலாம் என்றார்.

"உங்களுக்கு அந்த நாள் நினைவிருக்கிறதா?"

"எனக்கு அப்ப மூண்டு வயசு. ஒண்டும் ஞாபகம் இல்லை. நான் அங்கை படிக்கவும் இல்லை, எல்லாம் இடம்பெயர்ந்த பள்ளிக்கூடங்கள்தான். ஆனால் பேர் எல்லாம் பாடம்."

ரியூப்பைத் திருப்பிக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார். வாய்ப்பாடு சொல்லும் குரல், ஏற்ற இறக்கம் இல்லை. ஒவ்வொரு பெயருக்கும் ரியூப் ஒரு விரற்கடை நகர்ந்தது. நான் குறிப்பேட்டைத் திறந்து வைத்திருந்தேன். பதினேழு வரை வந்து நின்றார். உதட்டைக் கடித்தார். மறுபடி பதினைந்திலிருந்து வந்து பார்த்தார், அதே இடத்தில் நின்றது. வீட்டுப் பக்கம் திரும்பி, "அம்மா, பதினெட்டாவது ஆர்?" என்று கூப்பிட்டார்.

எதன் பதினெட்டாவது என்று அந்த அம்மா கேட்கவில்லை. அடுப்படியிலிருந்து பெயர் வந்தது. தேங்காய் துருவும் சத்தம் நிற்கவே இல்லை. அப்புறம் அதே குரல்: "பேரை மட்டும் சொன்னால் அவருக்கு என்னெண்டு விளங்கும்? ஆரின்ரை பிள்ளை எண்டு சொல்லு."

மகன் முதலிலிருந்து தொடங்கினார். இந்த முறை இன்னாரின் மகன், இன்னாரின் மகள். சில இடங்களில் ஈரக் கையை நீட்டித் திசை காட்டினார்: அந்த இரட்டைப் பனைக்கு அங்காலை, கிணற்றடி வீடு, இப்ப அவை வவுனியாவிலை, தாய் போன வருசம் செத்துப்போனா. முதல் தடவை 21 பெயராக இருந்தது இரண்டாம் தடவையில் 21 வீடாகிவிட்டது. நடுவில் குமிழி வந்துவிட்டது. அவர் அந்த இடத்தில் விரலை வைத்து அமுக்கிக்கொண்டே மீதியைச் சொல்லி முடித்தார்.

அந்த அம்மா வெளியே வந்து, என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார். "எழுதாதேங்கோ தம்பி. முந்தியும் வந்தவை எழுதினவை. இரண்டு பிள்ளையளின்ரை பேர் பிழையா வந்தது. தாய்மார் உயிரோடை இருக்கினம்." நான் மூடிப் பையில் வைத்தேன். அதனால்தான் இங்கே பெயர் ஒன்றும் இல்லை. என் மாணவன் இதைப் படித்தால் மறுபடி எழுந்து நின்று கேட்பான், தெரியும்.

சாவி வந்தது. பிள்ளைகளின் நினைவுத் தூபியின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். படம் எடுக்கவில்லை. 1995 செப்டம்பர் அதே வாரத்தில்தான் கொழும்பில் போர்ச் செய்திகளுக்குத் தணிக்கை வந்திருந்தது. அதையும் மீறிச் செய்தி வெளியே போனதற்கு, பருத்தித்துறை மருத்துவமனையில் வேலை செய்துகொண்டிருந்த எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பினர் ஒரு காரணம். அடுத்த மாதம் 17ஆம் தேதி படை நடவடிக்கை தொடங்கியது, 30ஆம் தேதி யாழ்ப்பாண நகரம் உள்ளிட்ட வலிகாமமே இடம்பெயர்ந்து எழும்பி நடந்தது. லட்சக்கணக்கானோர் போன அந்தப் பாதையின் பேச்சில் ஒரு கிராமத்துப் பள்ளி அமுங்கிப்போனதில் ஆச்சரியம் இல்லை. இங்கே மட்டும் அமுங்கவில்லை. மைதானத்து மதிலேறி இரண்டு பையன்கள் பந்து பொறுக்க வந்தார்கள். என்னைப் பார்த்து, யாரோ அதிகாரி என்று நினைத்து, வந்த வழியே குதித்தார்கள்.

கிரிக்கெட் மைதானத்து மனிதரின் கேள்வியை நினைத்துக்கொண்டேன். இந்த 21 பேருக்குத் தலைப்பு வேண்டியிருக்கவில்லை. மதிய நேரத்தில் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள், அவ்வளவுதான்.

திரும்பி வர வண்டி தயார். ஒட்டுப் போட இருநூற்றைம்பது கேட்டார், ஊர்க்காரர் என்று ஐம்பது குறைத்தார். அந்த அம்மா வெறுந்தேத்தண்ணியும் பனங்கட்டியும் கொடுத்தார். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டுதான் குடிக்க வேண்டும், கலக்கக் கூடாது என்று மருமகன் சொல்லிக்கொடுத்தான்.

ஐந்தாம் நாள், ஞாயிறு

இரவு மாஸ்டருக்கு எல்லாம் சொன்னேன். அவர் முப்பது வருடம் இடாப்பு கூப்பிட்டவர். வருகைப் பதிவேட்டுக்கு இங்கே அதுதான் பெயர். வகுப்பில் ஒரு பிள்ளை நின்றுவிட்டால் அந்தப் பெயரைச் சிவப்பு மையால் வெட்ட வேண்டும் என்பது விதி. 1995க்குப் பிறகு ஒரு வருடம் தான் யாரையும் வெட்டாமல் அப்படியே கூப்பிட்டதாகச் சொன்னார். பிள்ளைகளும் ஒன்றும் சொல்லவில்லையாம். பிறகு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

காலையில் கப்பலுக்கு நேரமாகிவிட்டது. ஆட்டோ வாசலில் நிற்கிறது, அன்ரி பருத்தித்துறை வடை ஒரு பொதி, கப்பலில் தின்ன வேண்டாம் என்ற எச்சரிக்கையோடு பையில் திணிக்கிறார். மாஸ்டர் படலை வரை வந்தார்.

"பேர் ஒண்டும் எழுதேல்லைத்தானே?"

"இல்லை சேர்."

"பதினெட்டாவது ஆர்?"

சொன்னேன். இன்னாரின் மகள் என்றும் சொன்னேன்.

"சரி" என்றார். கிணற்றடியில் மோட்டர் போட்டது மறந்து தாங்கி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அதை நிற்பாட்ட உள்ளே ஓடினார்.